பட்டு கட்டிய பட்டாபிஷேகம்

அலர்மேல்மங்கைக்குத் தன் புருஷன் சேஷகிரியின் உத்தியோகம் என்றாலே எரிச்சல். கண்டோன்மென்ட்டில் ஒரு சின்ன மியூசியத்தில் அவர் க்யூரேட்டர். எது புராதனம், எது குப்பை என்று தீர்ப்புச் சொல்வதற்குச் சம்பளம். அதை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வரக்கூடாதோ? மல்லேஸ்வரத்து வீட்டுப் பூஜை அறைக்குள்ளும் வந்து தீர்ப்புச் சொல்வார்.

அங்கிருந்த ராமர் பட்டாபிஷேகப் படத்தின் மேல் அவருக்கு அப்படி ஓர் இளக்காரம். லட்சம் பேர் ஆத்தில் தொங்குகிற அச்சுக் காயிதம் என்பார். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் சிக்பேட்டையில் வாங்கிய, அடியில் அச்சாபீஸ் பேர் போட்ட படம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பழைய பட்டுப்புடவையைக் கத்தரித்து ராமருக்கும் சீதைக்கும் உடுத்தி, சரிகை வைத்து, சம்கி தைத்தவள் அவள் அல்லவா? கண்ணில் நீர் கோக்கக் கோக்கத் தைத்தாள். நன்றாக இருக்கிறது என்று அந்த மனுஷர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டுமே! இத்தனை வருஷமும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் டில்லியிலிருந்து வந்த ஒரு நிபுணரைச் சேஷகிரி சாப்பிட அழைத்து வந்தார். படத்தைப் பார்த்தவர் இலையில் உட்காரவே மறந்துவிட்டார். அச்சுப் படமானால் என்ன, மேலே இப்படி ஒரு கைவேலை இருக்கும்போது இதுவும் கலாசாரச் சொத்துதான், மியூசியத்தில் வையுங்கள் என்றார். அவ்வளவுதான், சேஷகிரி பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தின் பெருமைதான். அலர்மேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

படத்தை எடுத்துப்போகிற அன்று, அதன் கீழே வைக்கப்போகும் அட்டையை அவரே படித்துக் காட்டினார். பட்டு, சரிகை, சம்கி எல்லாம் அதில் இருந்தன. செய்தவர் பெயர் தெரியவில்லை என்றும் இருந்தது.

"தெரியலையா? உங்களுக்கா?"

பெண்டாட்டி பேரைப் போட்டால் ஆபீஸே சிரிக்கும் என்றார். தவிர, செய்தவள் உயிரோடு சமையலறையில் இருக்கிறாள் என்று தெரிந்தால் படத்துக்கு மதிப்புக் குறைந்துவிடுமாம்.

அவள் சட்டத்தைக் கழற்றித் தையலைப் பிரித்தாள். ராமருடைய பட்டும் சீதையுடைய பட்டும் சம்கியும் சரிகையுமாக அவள் மடி நிறைந்தது. ஊசிப் பொத்தல் விழுந்த காகிதம் மட்டும் மிச்சம். அதை அவர் கையில் கொடுத்தாள்.

"ஆய்த்து, கொண்டு போங்கோ. இதைச் செஞ்சவா பேர் அடியிலேயே அச்சடிச்சிருக்கு."