சீதன வேனா, என் பழைய பிக்கப்பா: கல்முனை முதல் சவளக்கடை வரை

இன்று சனிக்கிழமை, காலை ஆறரை. இரண்டு வண்டி, ஒரே பாதை, ஓட்டியது நான் ஒருவன். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் சீதனமாக வேன் தருகிறோம் என்றார்கள், உம்மா தலையாட்டிவிட்டார். நான் இயந்திரவியல் படித்தவன். ஓட்டிப் பார்க்காமல் கதைக்க மாட்டேன்.

முதலில் பிக்கப். வயதில் என்னைவிட மூத்தது. கல்முனையிலிருந்து கிட்டங்கி வழியாகச் சவளக்கடை, பத்துக் கிலோமீட்டருக்குள்தான். அதற்குள் முதுகு கழன்றுவிட்டது. ஏசி இல்லை, ஸ்டியரிங்கில் ஆட்டம், டீசலைக் குடிக்கிறது.

திரும்பி வந்து வேனை எடுத்தேன். விற்பவர் ஓட்டிப் பார்க்கத் தந்தது. பக்கத்தில் பெண்ணின் வாப்பா. கிளம்பியதும் வேன் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது.

"என்ன மகன் கதைக்கிது இது?"

"பெல்ட் போடச் சொல்லுது போல, மாமா."

"நல்ல மரியாதையான வண்டி!"

பொய் சொல்ல வேண்டாம். பிரேக், இருக்கை, டீசல், எல்லாவற்றிலும் வேன்தான் மேல். நெல் மூட்டை ஏற்றுவதில் மட்டும் பிக்கப்.

சவளக்கடையில் வேனைத் திருப்பும்போது வயல் வரம்பிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"ஹாஜியார்! வயல எப்ப எழுதித் தாறீங்க? அடுத்த போகத்துக்கு நான் விதைக்கணுமே."

மாமா கண்ணாடியை ஏற்றப் பார்த்தார். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

"இந்த வயலையா மாமா விக்கிறீங்க? வேனுக்கா?"

"ஓம் மகன். கடைசிப் புள்ளைக்கித்தானே. வேற எதுக்கு வெச்சிரிக்கன்?"

"சாப்பாட்டுக்கு?"

"அல்லாஹ் தருவான்."

"அல்லாஹ் தந்ததுதானே மாமா இந்த வயல்?"

அவர் மறுபடி பொத்தானைத் தேடினார். நான் தலையை வெளியே நீட்டி, வரம்பில் நின்றவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, "காக்கா, வயல் விக்கிறல்ல. வேற இடம் பாருங்க" என்றேன்.

"ஊர் சிரிக்கும் மகன். மருமகன் ஓட்டை வண்டியில வாறார் எண்டு."

"ஓட்டை இல்ல மாமா. துருதான்."

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு: ஆள் ஏற்றினால் வேன், மூட்டை ஏற்றினால் பிக்கப். மாரியில் கிட்டங்கியில் வெள்ளம் பாய்ந்தால் இரண்டையும் இறக்காதீர்கள். மாமனாரின் வயலை விற்று எதையும் வாங்காதீர்கள். 'கிடைப்பதை வாங்கிட்டுப் பேசாம இரு' என்று கருத்துப் போட வருகிறவர்கள் கையை மிச்சப்படுத்தலாம்.

இனி நான் செய்யப் போவது:

1. வேன் சாவியை இன்றே திருப்பிக் கொடுப்பேன்.
2. உம்மாவிடம் நானே சொல்வேன். ஏசுவார். ஏசட்டும்.
3. ஸ்டியரிங் ஆட்டத்தை என் கையாலேயே சரி செய்வேன்.
4. நிக்காஹ்வுக்குப் பிக்கப்பில்தான் போவேன். சிரிக்கிறவர்களும் வரலாம், பின்னால் ஏற இடமிருக்கிறது.