ஒரு ஹாரன் சரி, இரண்டு ஹாரன் தப்பு

காலையில் தேரடியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வீட்டிலிருந்து அண்ணி போன் செய்தார். "அண்ணாச்சி போயிட்டாரு" என்றார். எங்கே என்று கேட்டேன். முந்தின நாள் மாலை என்னைப் பார்த்துச் சிரித்த மனிதர் எங்கே போவார்? ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் இறங்கி வேறு வண்டிக்குப் போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஜெபமணி அண்ணாச்சியை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தண்டையார்பேட்டை மளிகைக்கடை வீட்டுப் பிள்ளை, மொழி ஆராய்ச்சிக்காரர். மக்கள் பேசியதையெல்லாம் கணக்கெடுத்து, அடுத்த சொல் என்ன வரும் என்று யூகிக்கும் மெஷினோடு மல்லுக்கட்டியவர். பள்ளிக்கூடத்தில் மழைக்கு மட்டும் ஒதுங்கிய எனக்கு அவர் தோஸ்து. என் முன்சீட்டில் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்வார். கண்டெய்னர் லாரி குறுக்கே வந்தால் என் பேச்சு பாதியில் அறுந்து வேறெங்கோ போய் முடியும். மெஷின் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அண்ணாச்சி சிரிப்பார். "வாய் தடுக்கினா, மண்டையில கீற தமிழும் தடுக்கிச்சின்னு அர்த்தமா மாமு?"

எங்களுக்குள் ஓர் ஆட்டம் இருந்தது. அவர் ஒரு வாக்கியம் சொல்வார். உண்மையோ பொய்யோ, அது தமிழில் செல்லும் என்றால் நான் ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். செல்லாது என்றால் இரண்டு. ஒருநாள், "எண்ணூர் புகைபோக்கி பல்லு வெளக்குது" என்றார். ஒரு ஹாரன் அடித்தேன். "நான் நேத்து வந்தான்" என்றார். இரண்டு அடித்தேன். முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பி என் பரம்பரையையே விசாரித்தார். அண்ணாச்சிக்குக் கொண்டாட்டம். இரண்டையும் யாரும் பேசிக் கேட்டதில்லை என்று அவருடைய மெஷின் இரண்டுக்கும் ஒரே மாதிரி சொற்ப மார்க் போட்டிருந்ததாம். "யாரும் சொல்லாதது வேற, சொல்லவே முடியாதது வேற. அந்த வித்தியாசத்தத்தான் தேடிக்கினு கீறேன்" என்றார்.

போன வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு நின்றுவிட்டது. எதைக் கேட்டாலும் "அது... அது..." மட்டும்தான். சொந்தக்காரர்கள் கட்டிலருகே நின்றே, அவர் அங்கே இல்லாததுபோல் அவரைப் பற்றிப் பேசினார்கள். அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டு, தான் பேசுவது அவருக்குப் புரிகிறதா என்று தெரிந்தால் போதும் என்றார்.

நேற்று மாலை அவரால் அசைக்க முடிந்த இடது கையை எடுத்துக் கட்டில் கம்பியில் வைத்தேன். "அண்ணாச்சி, ஹாரன் இப்ப உன் கையில. பாத்து அடி, இல்லன்னா போலீஸ் புடிச்சிக்கும்."

"கிரேனு வெக்கப்படுது" என்றேன். ஒரு தட்டு.

"அண்ணி நேத்து அழுதேன்" என்றேன். இரண்டு தட்டு.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி பாதி வாயால் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில், "ஞாயித்துக்கெழம நீ என் வண்டியில வருவ" என்றேன். ஒரே தட்டு.

அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாக்கியம் சரி என்றுதான் அவர் தட்டியிருக்கிறார். நடக்கும் என்று சொல்லவில்லை. இன்று காலை அண்ணியின் போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அண்ணாச்சி என்னிடம் விட்டுப்போனது அந்த ஆட்டம். காலி வண்டியில் உட்கார்ந்து, "அண்ணாச்சி செத்துட்டாரு" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பிழையில்லாத தமிழ். ஒரு ஹாரன் அடிக்க வேண்டும்.

இன்னும் அடிக்கவில்லை.