அம்மா படுத்துக் கிடந்த வகுப்பு

என் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் கண் விழிக்கும்போது அவள் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு போய் மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பாள். நான் தூங்கப் போகும்போது பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு இது விசேஷமாகப் படவில்லை. அம்மா என்றாலே தூங்காத பிறவி என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு ஆரம்பித்தார்கள். கூடை சுமந்து சுமந்து அம்மாவுக்குக் கழுத்தைத் திருப்பவே முடியாது. நைட்டி தைக்கக் கற்றுக்கொண்டால் வீட்டோடு பிழைத்துக்கொள்ளலாம் என்று சேர்ந்துவிட்டாள். நைனாவுக்கு இஷ்டமே இல்லை. "மீன்காரிக்கு இன்னாத்துக்குடி ஊசி நூலு?" என்று முறைத்தார். ஏதாவது கோளாறு என்று காதில் விழுந்தால் அன்றோடு சரி என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அந்தக் கோளாறைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தான். சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம். கூடத்து வாசலில் செருப்புகள் கிடந்தன, மிஷின் சத்தத்தைக் காணோம். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிப் பார்த்தேன். அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, இன்னும் குப்பத்துப் பெண்கள் எல்லாரும் தரையில் வரிசையாக, கை கால் நீட்டி, கண் மூடி மல்லாந்து கிடந்தார்கள். தலைமாட்டில் ஊதுவத்தி புகைந்தது. எங்கள் பக்கத்தில் தலைமாட்டில் ஊதுவத்தியோடு படுத்தவர்கள் யாரும் திரும்ப எழுந்ததில்லை. "எம்மா" என்று கூப்பிட்டேன். அசையவில்லை.

கடற்கரையில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த நைனாவிடம் ஓடினேன். "நைனா, அம்மா செத்துப்பூட்சு! அத்தையும் செத்துப்பூட்சு! அல்லாரும் செத்துப்பூட்டாங்க!"

வலையைப் போட்டது போட்டபடி ஆண்கள் ஓடிவந்தார்கள். நைனா மாரில் அடித்துக்கொண்டு முன்னால் ஓடினார். கதவைத் தள்ளித் திறந்தால் உள்ளே ஒரே குறட்டை! பயிற்சி கொடுக்க வந்திருந்த அக்கா உதட்டில் விரல் வைத்து, "உஷ், எழுப்பிடாதீங்க" என்றார். தையலோடு சேர்த்து உடம்புக்கும் மனசுக்கும் ஒரு பயிற்சியாம். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னாராம். விடியுமுன்னே துறைமுகத்துக்கு ஓடுகிறவர்கள் எந்த மூச்சைக் கவனிக்கப்போகிறார்கள், பாவம். கண்ணை மூடியதுதான் தெரியும்.

பயம் தெளிந்ததும் நைனாவுக்குக் கோபம் பொங்கிவிட்டது. "தையலு கத்துக்க போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து மல்லாந்துகினு கீறியா? ஊரே சிரிக்குது பாரு. நாளிக்கு இந்தப் பக்கம் வந்த, அவ்ளோதான்!"

அம்மா எழுந்து முடியை அள்ளி முடிந்தாள். மார்க்கெட்டில் அவள் வாய்க்கு யாரும் நிற்க முடியாது. அன்றைக்குக் குரல் எழும்பவே இல்லை. "தையலு வோணாம்னா வுட்டுடறேன்யா. இந்தப் படுக்குற கிளாஸுக்கு மட்டும் வர்றேன். வேற இன்னா வோணா சொல்லு, கேக்கறேன்." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

நைனா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வலைக்குத் திரும்பினார். அதற்கப்புறம் அவர் தடுக்கவில்லை, அம்மா இரண்டுக்கும் போனாள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சாயங்காலம் கேட்டேன். "ஏம்மா, படுக்கறதுக்கு ஒரு கிளாஸா? வூட்லயே படுக்கலாம்ல?"

"வூட்ல யாருடி என்ன எந்திரிக்காதன்னு சொல்றாங்க?"

ப்பூ, இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. "நான் சொல்றேன். படும்மா. எந்திரிக்காத!" என்று டீச்சர் மாதிரி விரலை நீட்டினேன். அம்மா சிரித்துக்கொண்டே பாயை விரித்துப் படுத்தாள், கண்ணையும் மூடிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பசித்தது. "எம்மா, பசிக்குதும்மா" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

உடனே எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். அத்தனை தரம் சொல்லியும் எழுந்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.