துளசிமாடத்துச் சிவப்பு முகம்

ஐரோப்பாவில் போர் மூண்ட ஆண்டின் கோடைக்காலம் அது. திருச்சிராப்பள்ளியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இண்டர்மீடியட் முதலாண்டுத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன். தாயார் இல்லாத வீடு. அப்பாவின் ஆசாரத்துக்குக் குறைவு வராமல் அதை நடத்தி வந்தவர் என் மன்னி, அண்ணாவின் மனைவி. என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். கல்யாணத்துக்காகப் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்.

என் தோழி ஒருத்தி அதே கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் படித்தாள். பச்சைமலை அடிவாரத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்கத் தயங்குகிறவள்; அவள் சிலந்தியைப் பார்த்தால் நடுத்தெருவிலும் மண்டியிடுகிறவள். வலை பின்னிக் காத்திராமல், பூனையைப் போலப் பதுங்கி இரைமேல் பாயும் குதிக்கும் சிலந்திகள் என்றால் அவளுக்கு உயிர். அந்தச் சிலந்தியின் முகத்தில் இரண்டு பெரிய கண்கள் உண்டு. நாம் பார்த்தால் அதுவும் திரும்பி நம்மைப் பார்க்கும்.

தை மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கொல்லைத் துளசிமாடத்தில் ஓர் ஆண் சிலந்தியை அவள் கண்டாள். உளுந்தைவிடச் சற்றே பெரியது; கண்களுக்குக் கீழே முகம் முழுவதும் சிவப்பு. ஆசிரியை கொடுத்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் அதற்கு இணையான படம் இல்லை. ஸ்பிரிட்டில் இட்டு, வடக்கே சிலந்திகளை ஆராயும் அறிஞர் ஒருவருக்கு ஆசிரியையின் மூலம் அனுப்பிவைத்தாள். பதில் வருவதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. உருவம் புதிய இனமாகவே தோன்றுகிறது. ஆனால் ஸ்பிரிட் நிறத்தை உண்டுவிட்டது. செம்பழுப்பு முகமுள்ள வேறோர் இனம் ஏற்கெனவே இருப்பதால், உயிரோடு இருக்கையில் முகம் எந்தச் சிவப்பு என்பது திட்டமாகத் தெரிந்தாலன்றி இதைத் தனியினமென்று எழுதத் தம்மால் இயலாது. இன்னொன்றை அனுப்பினால் நல்லது என்று அவர் எழுதியிருந்தார்.

தேர்வு முடிந்த மறுநாள் முற்பகலில், ஒரு கண்ணாடிக் குழாயும் பூதக்கண்ணாடியுமாகத் தோழி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். அடுத்த நாள் காலை அவளுடைய அப்பா வந்து ஊருக்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இனிமேல் கல்லூரி கிடையாது.

“கண்டுபிடிச்சது இன்னார்னு அச்சுல என் பேர் ஒரு தடவை வந்துட்டாப் போதும்டி. அப்புறம் எங்க கட்டிக்கொடுத்தாலும் போறேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் குழாயைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

சிலந்தி இருந்தது. எங்களைக் கண்டதும், இரண்டு துளசி இலைகளை நூலால் சேர்த்துத் தைத்து வைத்திருந்த தன் கூட்டுக்குள் புகுந்துகொண்டது. தோழி கத்தரிக்கோலை எடுத்தாள். அடுக்களையிலிருந்து மன்னி பதறிக்கொண்டு வந்தார்.

“ஐயையோ! துவாதசியும் அதுவுமா துளசியப் பறிக்கப் படாது! மாமனாருக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேப்பார்.”

“இலை வேணாங்க அக்கா. உள்ள குடியிருக்கிற ஆளை மட்டும் வரச் சொல்லுங்க, போதும்.”

மன்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இலையைத் தொட விடவில்லை. நாளைக்கு வந்து பறித்துக்கொள்ளலாமே என்றார். நாளைக்கு இவள் இங்கே இருக்கமாட்டாள் என்று நான் சொன்னேன். கல்யாணம் என்ற காரணத்தைக் கேட்டதும் மன்னியின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. சற்று நேரம் தோழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது அவர் கையில், மடித் துணிகளைக் கைபடாமல் எடுக்கும் நீண்ட மடிக்கோல் இருந்தது. அதன் நுனியில் அப்பாவின் வேஷ்டி. மறுநாள் பூஜைக்காக நனைத்து, யார் கையும் படாமல் கொடியில் உலர்த்தி வைத்திருந்தது. அதைத் துளசிமாடத்தின் அடியில் விரித்தார். வெள்ளையில் விழுந்தால் கண்ணுக்குத் தப்பாது என்றார். நாங்கள் தொட்டுவிட்டால் மடி போய்விடுமே என்று நான் தயங்கினேன்.

“தொட்டாத் தொட்டுக்கோங்கோ. மறுபடியும் நனைச்சு உலர்த்தினாப் போச்சு. வெயிலுக்கா பஞ்சம்?”

வெயிலுக்குத்தான் காத்திருந்தோம். மதில் நிழல் மெல்ல விலகி, துளசியின் மேல் வெயில் ஏறும் வரை மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கூட்டின் வாயில் முதலில் ஒரு கால் தெரிந்தது, பிறகு அந்தச் சிவப்பு முகம். அது எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. ஒரே தாவல். வேஷ்டியின் நடுவில் ஒரு கரும்புள்ளி. அதன்மேல் தோழியின் கண்ணாடிக் குழாய்.

நிறத்தை எழுதும் வேலை என்னுடையது. சொற்களை நிறுத்துப் பயன்படுத்துகிறவள் என்று வகுப்பில் எனக்குச் சிறு பெயர் இருந்தது. குங்குமச் சிவப்பு என்று எழுதினேன்.

“எந்தக் கடைக் குங்குமம்டி?” என்றாள் தோழி.

மாதுளம்பூ என்று திருத்தினேன்.

“காலையில பூத்ததா, சாயங்காலம் வாடினதா?”

செங்கல், பவழம், மிளகாய்ப்பழம், எல்லாவற்றையும் எழுதி எழுதி அடித்தேன். ஆங்கிலச் சொற்களும் தீர்ந்தன. குழாயை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான், நாள்தோறும் காலையில் நான் பார்க்கும் சிவப்பு அது என்பது புலப்பட்டது. அப்பா நெற்றியில் வெண்மையான திருமண்ணுக்கு நடுவே இட்டுக்கொள்ளும் ஸ்ரீசூர்ணம். அதையும் சொல்லால் எழுதினால் வடக்கே இருப்பவருக்கு விளங்காது. பொடியையே ஒரு சிட்டிகை மடித்து அனுப்பினால்?

வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழகாதவள் நான். அன்று கேட்டேன்.

அப்பாவின் நாமப்பெட்டி பூஜை அறையில் இருப்பது; பெருமாள் காரியத்துக்கென்றே வைத்திருக்கும் பொடி. தோழி வேண்டாம் என்று தலையசைத்தபடி எழுந்துவிட்டாள். அப்போது மன்னி குழாயை வாங்கி, பூதக்கண்ணாடியின் வழியே வெகுநேரம் பார்த்தார். சிலந்தியும் திரும்பி அவரைப் பார்த்தது.

“துளசிலயே குடியிருந்துண்டு, இட்டுண்டும் இருக்கே! இதுக்கு யார் இட்டுவிட்டான்னு நினைக்கறேள்?” என்றார். கையலம்பிக்கொண்டு உள்ளே போய், ஒரு சிட்டிகை ஸ்ரீசூர்ணத்தை வெள்ளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார்.

காகிதத்தைப் பிரித்துக் குழாயின் அருகே வைத்தோம். வெயிலில் இரண்டு சிவப்புக்கும் வேற்றுமை தெரியவில்லை. மன்னியின் கையைப் பிடிக்கப் போன தோழி, மடியின் நினைவு வந்து, தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மன்னியே எட்டி அந்தக் கையைப் பற்றினார். சிலந்திக்கு நேரப் போவதை அவர் அறிந்திருந்தார். “இந்த ஆத்துல வெச்சு வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். ஸ்பிரிட் புட்டி தோழியின் விடுதி அறையில் இருந்தது.

மாலையில் அப்பா கொடியைப் பார்த்துவிட்டு, வேஷ்டி ஏன் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று கேட்டார்.

“சிலந்தி விழுந்துடுத்து. அதான் மறுபடியும் நனைச்சேன்” என்றார் மன்னி, கண்ணிமைக்காமல். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடினேன்.

ஓராண்டு கழித்து, புகுந்த வீட்டிலிருந்து தோழி எனக்கு அச்சிட்ட தாள் ஒன்றை அனுப்பினாள். புதிய இனம் என்றே அறிஞர் எழுதியிருந்தார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர், தந்தையின் தலைப்பெழுத்தோடு, கல்யாணத்துக்கு முன் கல்லூரிப் பதிவில் இருந்தபடியே இருந்தது. முகத்தின் நிறத்துக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து மாதிரியாக வந்த நெற்றிப்பொடியின் சிவப்பு என்று குறித்திருந்தார். மன்னிக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். அந்த வரியை மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னார்.

“வெளியூருக்குப் போனாலும் இட்டுண்டேதான் போயிருக்கு” என்றார். புடவைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

இப்போது நான் இலக்கியத்தில் ஆனர்ஸ் படிக்கிறேன். தோழியை அதற்குப்பின் நான் பார்க்கவில்லை. எழுதும்போது ஒரு சொல் அகப்படாமல் பேனா நிற்கிற வேளைகளில், வெயிலில் விரித்த அந்த வேஷ்டியும், மூச்சடக்கி அதைச் சுற்றி அமர்ந்திருந்த எங்கள் மூவரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்த அந்தச் சிவப்பு முகமும் நினைவுக்கு வருகின்றன. வாய் திறந்து கேட்கும் துணிவு எனக்கு முதன்முதலாக வந்தது, சொல் கைவிட்ட அந்த இடத்தில்தான்.