வைத்தியனை முதலில் அடித்த அக்கா

என் மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். "அக்கா எங்க விளையாடுறாங்க? மெஷின் விளையாடுது, அக்கா டீ குடிக்கிறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். என் அக்காவும் சேர்ந்து சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன, இன்னும் அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வார்த்தைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. ஆள் நல்லவன்தான், வாய்க்குத்தான் பூட்டு கிடையாது.

அக்கா துணி கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தவள். தைத்துத் தைத்து விரல் மூட்டெல்லாம் வீங்கி, கடைசியில் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. ஊசியில் நூல் கோர்க்க முடியாதவளுக்குத் தையல் லைனில் இடம் ஏது? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா போய்ச் சேர்ந்து நாளாகிறது. மகன் வேலைக்கு வெளியூர் போனபோது பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு சண்டை விளையாட்டு இருந்தது. கோட்டை, வாள், பூதம் என்று ஊர்ப்பட்ட கூட்டம். இன்டர்நெட் வழியாக நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் அணி சேர்ந்து விளையாடுகிறார்கள்.

விளையாட்டு பிடித்துப்போயிற்று, விரல்தான் ஓடவில்லை. அதனால் மகனிடம் போனில் கேட்டுக் கேட்டு ஒரு பாட் வைத்துக்கொண்டாள். பாட் என்றால், நமக்குப் பதிலாக அதுவே நடந்து போய் அடிக்கும் புரோகிராம். அந்த விளையாட்டில் அதற்குத் தடையில்லை. திரையில் ஒவ்வொருவன் தலைக்கு மேலும் பெயர் தெரியும். அந்த பாட் புரோகிராமில் நிரப்ப இரண்டு கட்டங்கள். ஒன்றில் அடிக்க வேண்டியவர்களின் பெயரில் வரும் சொல்லை எழுத வேண்டும், மற்றதில் தொடக் கூடாதவர்களின் பெயரை. மேலே எழுதிய சொல்லுக்குத்தான் முதல் அடி. எழுதுவதும் அவளுக்குச் சுலபமில்லை. நான் என் கிரில் பட்டறையில் ஒரு கம்பியை வளைத்து, நுனியில் ரப்பர் மாட்டிக் கொடுத்தேன். அதை முஷ்டியில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவாள். விளையாட்டில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஊசி.

மற்றவர்கள் எல்லாம் முதல் சொல்லாக "பூதம்" என்று எழுதுவார்கள். பெரிய உருவம், கண்ணில் படும், எல்லோரும் அதன் மேல் விழுவார்கள். அக்கா முதலில் எழுதியது "வைத்தியன்". பின்னால் ஒரு பொடியன் நின்றுகொண்டு, அடிபட்ட பூதத்துக்கெல்லாம் உயிர் ஊட்டிக்கொண்டிருப்பான், அவன் பெயர் அது. ஏன் இவனை என்று கேட்டேன். லைனில் துணி எடுத்துக் கொடுக்கிற ஆளை நிறுத்தினால் தைக்கிறவர்கள் அத்தனை பேரும் கை கட்டி உட்கார வேண்டியதுதானே என்றாள். அப்படியே நடந்தது. வைத்தியன் விழுந்தான், பூதம் கால் மணி நேரத்தில் சாய்ந்தது. அணியின் தலைவனை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவன் யார் இந்த ஊசி என்று எல்லோரையும் விசாரித்தானாம்.

ஆனால் ஒரு சண்டையில் சறுக்கிவிட்டாள். எதிரிக் கோட்டையின் ஆட்கள் பெயரில் எல்லாம் "காவலன்" என்று இருந்ததால் அந்தச் சொல்லை எழுதியிருந்தாள். நம் கோட்டை வாசலில் நிற்பவனும் காவலன்தான் என்பது மறந்துவிட்டது. அணி பின்வாங்கித் தன் கோட்டைக்குத் திரும்பியபோது பாட் நேராகப் போய் நம் வாசல் காவலனையே வெட்டிச் சாய்த்தது. அந்த வழியாக எதிரி நுழைந்தான். கோட்டை போயிற்று.

ஊசியை வெளியே போடு என்று அணியில் பாதிப் பேர் குதித்தார்கள். அக்கா சாப்பிடவில்லை. வேலை போனபோதுகூட இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பாட் கெட்டுப்போச்சுன்னு எழுதிப் போடு, யாருக்குத் தெரியப்போகுது என்றேன்.

"மெஷின் மேல பழி போடச் சொல்றியாடா? நான் எழுதுனதத்தானே அது செஞ்சுது. ஜெயிச்சப்ப நான், தோத்தப்ப அதுவா?"

அதையே கம்பியால் குத்திக் குத்தி கேப்டனுக்கும் எழுதினாள். தப்பு என்னுது, பாட் மேல இல்ல. அவன், அடுத்த சண்டைதான் கடைசி வாய்ப்பு, நம்ம ஆள் ஒருத்தன் மேல வாள் பட்டாலும் நீங்க வெளிய என்று பதில் போட்டான்.

அந்த வாரம் முழுக்க அவள் யாரையும் அடிக்கவில்லை. பாட் சொந்தக் கோட்டைக்குள்ளேயே சும்மா நடக்கும்படி விட்டாள். யாரைப் பார்த்து வாளை உருவுகிறதோ, உடனே நிறுத்திவிட்டு அவன் பெயரைத் தொடக் கூடாதவர்கள் கட்டத்தில் எழுதினாள். வாசல் காவலன், குதிரைக் காவலன், கிடங்குக் காவலன். எவனைக் கண்டும் வாள் உருவாத வரைக்கும் நடக்கவிட்டாள்.

சண்டையன்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தான் சொன்னால் மட்டும் நிறுத்தும் பொத்தானை அமுக்கச் சொன்னாள். வைத்தியர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். அப்புறம் எதிரிக் கூட்டம் நம் வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்தது. பாட் வாளை ஓங்கிக்கொண்டு நம் காவலன் நின்ற பக்கம் பாய்ந்தது. என் விரல் பொத்தான் மேல் போய்விட்டது.

"கைய எடு."

எடுத்தேன். பாட் நம் காவலனை உரசிக்கொண்டு தாண்டி, அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எதிரியை வெட்டியது. அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரும்பு பழுத்தது எப்போது என்று எனக்குத் தெரிகிற மாதிரி அந்த வாள் யார் மேல் விழும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதற்குப் பெயர் விளையாட்டு இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

கோட்டை நின்றது. இனிமே யாரை முதல்ல அடிக்கணும்னு ஊசி எழுதிக் குடுக்கட்டும், எல்லாரும் அதையே போட்டுக்கறோம் என்று கேப்டன் எழுதினான். அதைப் பட்டறையில் வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னேன். ஜன்னல் கம்பிக்கு அளவு கொடுக்க வந்தவர் பாவம், நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

போன வாரம் அவள் வலது கைக்கு ஆபரேஷன். நாள் குறித்தது சரியாகச் சண்டை நாளில். சொற்களை எல்லாம் முன்னாடியே எழுதி வைத்துவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து அந்த பாட் ஓடுவதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அது நான். நானே ஊசி மாதிரி நடித்துவிடலாம், அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவளைப் படுக்கவைத்த தள்ளுவண்டி ஆபரேஷன் ரூமுக்குள் போகிற நேரத்தில் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"உக்காந்ததும் மொதல்ல கேப்டனுக்கு எழுதுடா. இன்னைக்கு ஊசி இல்ல, அவ தம்பி உக்காந்திருக்கேன்னு. அவங்க சரின்னு சொன்னா ஓட்டு. இல்லன்னா மூடி வச்சிட்டு வா."