எட்டு விநாடித் தாள்

குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, அச்சகக்காரர் தட்டையான தூரிகையால் கெட்டித் தாளில் பூச்சு தடவிக்கொண்டிருந்தார். வெதுவெதுப்பான ஜெலட்டினில் வெள்ளி உப்பு கலந்த பூச்சு. முதலில் நெடுக்கே, பிறகு குறுக்கே. முப்பது வருடம் அச்சகத்தில் தாள் வெட்டியவர். அந்தத் தாளையே ஃபிலிமாக்க முடியுமா என்ற யோசனை ஓய்வுபெற்றதும் அவரைப் பிடித்துக்கொண்டது.

வெளியிலிருந்து அவருடைய அண்ணன் கதவைத் தட்டினார்.

"குளிக்கணும்டா!"

"திறந்தா தாள் கறுத்துடும்ணே."

"நான் குளிக்காமலே கறுத்துட்டேன்."

அண்ணன் தையற்காரர். நடுக்கவாதம் வந்து இரண்டு கையும் ஆடும். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

அந்தத் தாளுக்கு அவசரம் ஆகாது. படம் பதிய நல்ல வெளிச்சத்திலும் எட்டு விநாடி வேண்டும். அதற்குள் அண்ணன் கை ஆடிவிடும். எடுத்த நான்கு படங்களிலும் விரல்கள் புகையாகத்தான் விழுந்திருந்தன.

"எனக்கென்ன இருபது விரலா? நாளைக்குக் கடைசி. அதுவும் கலைஞ்சா உன் கேமராப் பெட்டியைப் பரண்ல போடு. குளியலறையை விடு" என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தம்பியின் முகம் வாடிவிட்டது.

"போன்ல ஒரு நொடியில எடுத்துடலாமே, சார்?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம் நர்சம்மா. அதுல என்ன வரும்னுதான் முன்னாடியே தெரியுமே."

நியாயமான பதில். நான்கு படங்களையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கைகள் மடியில் சும்மா கிடந்தன. ஆடாமல் இருக்கட்டும் என்று தம்பிதான் அப்படி வைக்கச் சொல்லியிருக்கிறார். இந்த நோயில் சும்மா கிடக்கிற கைதான் அதிகம் ஆடும். ஒரு வேலை கொடுத்தால் கொஞ்ச நேரம் அடங்கும்.

மறுநாள் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, அண்ணனை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அவருடைய கனமான கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தேன்.

"துணி வெட்டப் போற மாதிரி பிடிங்க ஐயா."

"யார் துணியை?"

"உங்க தம்பி சட்டையை."

தம்பி லென்ஸ் மூடியை எடுத்து, எட்டு வரை எண்ணி மூடினார்.

குளியலறையில் நானும் நின்றேன். தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் படம் மெதுவாக எழுந்தது. வெள்ளைச் சட்டை கறுப்பாக, கறுப்புக் கத்தரிக்கோல் வெள்ளையாக. எல்லாம் தலைகீழ். காய்ந்ததும் தம்பி அந்தத் தாளின் பின்பக்கம் எண்ணெய் தேய்த்தார். தாள் கண்ணாடி போலத் தெளிந்தது. அதைப் பூச்சிட்ட இன்னொரு தாள்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, படம் நேராக விழுவதற்காக வெள்ளை விளக்கை ஒரு நொடி போட்டு அணைத்தார்.

மாலையில் அச்சுப் படத்தை அண்ணன் வாங்கி ஒவ்வொரு விரலாக எண்ணினார்.

"பத்துதான். மூஞ்சி எங்கடா?"

"நீங்க சிரிச்சிட்டீங்கண்ணே."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கைக்கு வேலை குடுத்தீங்க. வாய்க்கு என்ன குடுக்கப் போறீங்க நர்சம்மா?"

மறுநாள் காலை கொல்லைக் குழாயடியில் முக்காலி போட்டு, பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டி, அண்ணனை அங்கேயே குளிக்கவைத்தேன். குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.