அம்மன் பேனரில் ஒரு அடி

எங்கள் ஊர்க் கடைசியில், ஏரிக்கரை ஓரமாக, வயலில் எலி பிடித்துப் பிழைக்கிற இருளர் வீடுகள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அதில் தண்டபாணி வீட்டுக் கூரை முழுக்கப் பழைய ஃபிளெக்ஸ் பேனர்தான். ஊரில் கல்யாணமோ காதணி விழாவோ முடிந்தால், கழற்றிய பேனரை அவனிடம் வீசிவிடுவார்கள். வெள்ளைப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டி, படம் உள்ளே தெரிய அவன் இழுத்துக் கட்டுவான்.

அவன் மகள் மீனா அந்தப் படங்களுக்குக் கீழே படுத்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்னாலேயே, தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளைக் குச்சியால் மண்ணில் எழுதுவாளாம். நிழல் விழுந்த எழுத்து, மஞ்சள் கரை போட்ட எழுத்து, ஒல்லி எழுத்து, குண்டு எழுத்து, எல்லாம் அவளுக்குக் கூரையிலிருந்து வந்ததுதான்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வகுப்பு முடிந்ததும் உத்திரமேரூரில் இறங்கி, சுகுமாரின் பேனர் கடையில் வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டாள். பூ வாங்கப் போகும்போது ஒருநாள் கேட்டேன், படித்து என்ன ஆகப் போகிறாய் என்று.

"தமிழ் எழுத்துக்குப் புதுசா உருவம் வரையணும்கா. கடைக்காரங்க போர்டுல, புஸ்தக அட்டைல, நான் வரைஞ்ச எழுத்து இருக்கணும்."

அதற்கு ஒரு வாசல் திறந்தது. சென்னையில் ஒரு கம்பெனி பயிற்சிக்கு ஆள் எடுத்தது. அவள் வடிவமைத்து, நிஜமாகவே ஊரில் வைத்த பேனரோ போர்டோ ஒன்றைக் காட்ட வேண்டும். அதில் அவள் பெயர் இருக்கிற போட்டோவும், வேலை கொடுத்தவர் கையெழுத்தும் வேண்டும். திங்கட்கிழமைக்குள்.

அந்த வருஷம் எங்கள் எல்லையம்மனுக்கு ஆடிக் கூழ் வார்க்கிற விழாவுக்கான பேனர் வேலையை விழாக்குழுத் தலைவர் வரதன் சுகுமாரிடம் கொடுத்தார். சுகுமார் மீனாவிடம் கொடுத்தான். அம்மன் முகத்தை அவள் கூட்டிக் குறைக்காமல், கருவறையில் இருக்கிறபடியே வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் விழாக்குழுக்காரர்கள் முகமும் பேரும். பார்த்ததும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வரதன் செல்போனில் பார்த்து, "மெட்ராஸ்ல அடிச்ச மாதிரி கீதுப்பா" என்றார். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. அடியில் இருந்த சின்ன எழுத்து செல்போனில் தெரியவுமில்லை.

சனிக்கிழமை காலை பேனரைக் கோயில் வாசலில் விரித்தார்கள். கம்பம் நட தண்டபாணி குழி தோண்டிக்கொண்டிருந்தான். கையெழுத்துக் காகிதத்தோடு மீனாவும் வந்திருந்தாள். வரதன் குனிந்து படித்தார்.

"வடிவமைப்பு, த. மீனா. இன்னாடா இது? எவ இவ?"

"நான்தான் சார். சென்னைக் கம்பெனில காட்டணும்."

"எங்க மூஞ்சிங்களுக்குக் கீழ உன் பேரா?"

"அம்மன் காலடியிலதான் சார் போட்டிருக்கேன்."

"வாயப் பாரு. எலி புடிக்கிற கையி, இப்ப மவுசு புடிக்குதாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தண்டபாணியும் சேர்ந்து சிரித்தான். அவர்கள் சிரிக்கும்போது அவன் சிரிக்காமல் இருந்ததில்லை.

"சார், ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அப்புறம் இன்னா வேணா பண்ணுங்க சார்."

"எடு எடு, யாரு வேணான்னது?" என்ற வரதன், செருப்புக் காலைத் தூக்கி அந்த எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். அம்மன் பாதத்துக்கு ஒரு சாண் கீழே. மீனா செல்போனைப் பிடித்தபடி நின்றாள். அவர் காலை எடுக்கவே இல்லை.

"டேய் தண்டபாணி, கத்தி வச்சிகினு கீறயா? அடில ஒரு அடி அறுத்துட்றா."

"செரி நைனா."

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு பேனர் ஓரத்தில் உட்கார்ந்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் கோடி அந்தக் கோடி பார்த்துவிட்டு மகளிடம் கேட்டான்.

"உன் பேரு எங்கம்மா கீது? காட்டு. மத்தவங்க பேரு எதுனா அறுந்துடப் போவுது."

நான் மண்டபத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். தாயே, ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மீனா குனிந்து விரலை வைத்துக் காட்டினாள். அவன் நேராக, பிசிறில்லாமல் அறுத்தான். அறுத்த துண்டை மைக்செட் ஒயரில் தண்ணீர் படாமல் இருக்கச் சுற்றிக் கட்டினார்கள். கையெழுத்துக் காகிதத்தை வரதன் வாங்கிப் பார்த்து, மடித்து, பல் குத்திக்கொண்டே, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கம்பெனியில் பெயரில்லாத பேனரின் போட்டோவைக் காட்டினாள். உன் வேலை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு, அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது சுகுமார் கடையிலேயே இருக்கிறாள். போன வாரம் வரதனின் பேரனுக்குக் காதணி விழா பேனர். வரதன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "எங்க மூஞ்சிய இன்னும் கொஞ்சம் செவப்பாக்கும்மா" என்றாராம். ஆக்கிக் கொடுத்தாள்.

அம்மன் பேனர் வழக்கம்போல தண்டபாணிக்கே வந்தது. ஐப்பசி மழையில் கற்பூரம் கேட்டு என்னிடம் வந்த மீனாவின் அம்மா பச்சையம்மாளோடு, குடை பிடித்து அவர்கள் வீடுவரை போனேன். அம்மன் கூரைக்கு உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் பேனர் எட்டாத இடத்தில் தண்ணீர் ஒழுகியது. மீனா படுக்கிற இடம் அது. பச்சையம்மாள் அங்கே ஒரு குண்டானை வைத்தாள்.

"பாருக்கா, எம்மாம் நல்ல பேனரு. இன்னும் ஒரு அடி நீட்டமா இருந்திருந்தா ஒழுவாது" என்றாள்.

மீனா குண்டானை நகர்த்திச் சரியாக வைத்தாள்.